பின்கண்ணாடி இல்லாமல் வால்பாறை ஏறிய நாள்

வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய அரசுப் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். வீடு பொள்ளாச்சியில். வார விடுமுறைக்குக் கீழே இறங்கி, ஞாயிறு மாலைக்குள் மீண்டும் மேலே ஏறிவிடுவது பல ஆண்டுகளாக என் வழக்கம். ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தூரம்; ஆழியாற்றைக் கடந்ததும் 40 கொண்டை ஊசி வளைவுகள். மேலே எல்லாப் பொருளும் கிடைக்கும் என்றாலும், வீட்டு அரிசியும் தோப்புத் தேங்காயும் அம்மா இடித்துக் கொடுக்கும் பொடிகளும் எங்கள் பழைய பெட்ரோல் காரின் டிக்கியில் எப்போதும் என்னுடன் ஏறிவரும். அந்த டிக்கியை ஒரு சிறிய சரக்கு அறையாக மட்டுமே நான் கருதி வந்தேன். அது நாங்கள் மூச்சுவிடும் அதே அறையின் பின்பகுதி என்பது ஒரு ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குப் புரிந்தது.

பள்ளி திறந்த முதல் வாரம் அது. தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருந்தது. மேலே நான் தங்கியிருக்கும் வீட்டில் ஈரம் ஏறித் துணிகள் பூத்துப்போவதால், அம்மாவின் பழைய தகரப் பெட்டியைக் கொண்டுசெல்ல முடிவு செய்தோம். தம்பி ஓட்டுவதாகவும், அம்மாவும் என் மகளும் சில நாள் என்னுடன் தங்குவதாகவும் ஏற்பாடு. பெட்டி டிக்கியின் வாசல் வழியாகத் தடையில்லாமல் உள்ளே போயிற்று. அதனால் கதவும் மூடிக்கொள்ளும் என்று நம்பினோம். ஆனால் எங்களுடையது போன்ற ஐந்து கதவுக் கார்களில் பின்கண்ணாடி நேராக நிற்பதில்லை. மேலே செல்லச் செல்ல முன்பக்கமாகச் சாய்ந்திருக்கும். கீழே இடம் இருந்தாலும் பெட்டியின் மேல் விளிம்பு இருக்கும் உயரத்தில் இடம் இருக்காது. தம்பி வழக்கம்போலக் கதவை வேகமாக இழுத்து அடித்தான். தகர மூலை கண்ணாடியில் பட்ட அந்த நொடியில், கண்ணாடி முழுவதும் அரிசி மணிகளைப் போல உதிர்ந்து டிக்கியிலும் பின் இருக்கையிலும் கொட்டியது.

முன்கண்ணாடி இப்படி உதிர்வதில்லை. அது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. உடைந்தாலும் விரிசலோடு சட்டத்திலேயே நிற்கும். பின்கண்ணாடியோ பெரும்பாலான கார்களில் சூடேற்றி வேகமாகக் குளிர்வித்துக் கடினமாக்கிய ஒற்றைத் தகடு. உடம்பைக் கிழிக்கும் நீண்ட சில்லுகளாக உடையக் கூடாது என்பதற்காகவே அதன் மேற்பரப்பு இறுக்கத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருக்குமாறு செய்கிறார்கள். உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாலும் தாங்கும் அந்தக் கண்ணாடி, கூரான உலோக மூலை ஒரே புள்ளியில் குத்தினால் முழுவதும் நொறுங்கிவிடும். அன்றிலிருந்து நாங்கள் டிக்கியை அடித்து மூடுவதில்லை. கடைசி ஒரு சாண் வரை கதவைக் கையால் மெதுவாக இறக்கி, பக்கவாட்டிலிருந்து ஒருவர் பார்த்து, சரக்குக்கும் கண்ணாடிக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி இருப்பதை உறுதி செய்த பிறகே அழுத்தி மூடுகிறோம். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது சரக்கு நகரும் என்பதால் அந்த இடைவெளியைக் குறைத்துக்கொள்ளக் கூடாது.

அன்று நாங்கள் செய்த அடுத்த காரியம் கண்ணாடி உடைந்ததைவிடப் பெரிய தவறு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கண்ணாடிக் கடைகள் இல்லை; மறுநாள் காலையில் எனக்குப் பள்ளி. தம்பி ஒரு கனத்த பாலித்தீன் தாளை வெட்டி, அகலமான டேப்பால் சட்டத்தைச் சுற்றி ஒட்டினான். பார்க்க நன்றாகவே இருந்தது. மழைநீர் உள்ளே வராது என்பதை மட்டும் யோசித்தோமே தவிர, வேறு எது வரும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியபோதே, ஈரத்தில் டேப் விட்டுப்போய்த் தாளின் கீழ்ப்பகுதி படபடக்கத் தொடங்கியது. சாரல் அடித்ததால் நான்கு ஜன்னல்களையும் ஏற்றிவிட்டிருந்தோம். அம்மாவுக்குக் குளிருகிறது என்று வெளிக்காற்று வரும் வழியையும் மூடி, உள்காற்றே சுழலும்படி வைத்திருந்தோம். நிறைந்த பாரத்துடன் வண்டி பெரும்பாலும் இரண்டாம் கியரில்தான் முனகிக்கொண்டு ஏறியது. ஒன்பதாவது வளைவில் இருக்கும் காட்சிமுனையில் வழக்கமாக நிறுத்தி வரையாடுகள் தென்படுகின்றனவா என்று மகளுக்குக் காட்டுவோம். அன்று மூடுபனி என்பதால் நிற்கவில்லை. அடுத்த சில வளைவுகளில் மகள் வயிற்றைப் பிரட்டுகிறது என்றாள். அம்மாவும் கண்களை மூடிச் சாய்ந்துகொண்டார்கள். எனக்கும் நெற்றிப் பொட்டில் வலி. மலை ஏறினால் இப்படித்தானே இருக்கும் என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அட்டகட்டிக்குச் சற்று முன்பாகத் தம்பி, “அக்கா, எனக்கே தலை கனமா இருக்குது, ஒரு நிமிஷம் நிறுத்தறேன்,” என்றான். அந்தச் சொல்தான் எங்களைக் காப்பாற்றியது என்று இன்றும் நம்புகிறேன். வளைவுகளில் ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் குமட்டல் வருவதில்லை. அடுத்த திருப்பம் எந்தப் பக்கம் என்பதை அவர் உடல் முன்கூட்டியே அறிந்திருக்கும். ஓட்டுபவர் உட்பட வண்டியில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், அது மலையின் குற்றமல்ல, வண்டிக்குள் இருக்கும் காற்றின் குற்றம். கதவுகளைத் திறந்துவிட்டு, சாரலையும் பொருட்படுத்தாமல் அனைவரும் சாலையோரத்தில் நின்றோம். அரைமணி நேரத்தில் மகளுக்கு முகம் தெளிந்தது. அதன் பிறகும் அதே வண்டியில் ஏற எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தவர் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, அடுத்து வந்த அரசுப் பேருந்தில் ஏறி வால்பாறை சென்று மருத்துவரிடம் காட்டினோம்.

மறுநாள் பொள்ளாச்சியிலிருந்து தம்பியுடன் வந்த மெக்கானிக், சைலன்சர் குழாயின் இணைப்பு ஒன்றில் கசிவு இருப்பதையும் கண்டுபிடித்தார். “ஏனுங்க டீச்சர், பின்னாடி தொறந்து கெடந்தா புகை பின்னாடியே போயிருமுன்னு நெனச்சுட்டீங்களா? அது வண்டிக்குள்ளதானுங்க திரும்பி வரும்,” என்றார். அதுவரை நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். பேருந்தின் பின் ஜன்னலில் புழுதி உள்ளே வருவதைச் சிறுவயதிலிருந்து பார்த்திருந்தும் இந்தத் தொடர்பு எனக்குத் தோன்றவில்லை. ஓடும் வண்டி காற்றைப் பிளந்துகொண்டு செல்லும்போது அதன் முதுகுப்புறத்தில் காற்றழுத்தம் குறைந்த ஒரு வெற்றிடம் உருவாகிறது; புகையும் புழுதியும் அங்கே சுழன்று நிற்கும். பின்கதவோ பின்கண்ணாடியோ திறந்திருந்தால், சுழலும் அந்தப் புகை வண்டிக்குள் இழுக்கப்படுகிறது. நீளமான கட்டிலையோ ஏணியையோ ஏற்றிவிட்டு டிக்கியைக் கயிற்றால் பாதியில் கட்டிக்கொண்டு செல்பவர்கள் அனைவருக்கும் இது பொருந்தும். சில பெரிய வண்டிகளில் பின்கண்ணாடியை மட்டும் தனியே திறக்கும் வசதி உண்டு. நின்ற இடத்தில் சிறு பொருளைப் போடவும் எடுக்கவும் அது மிகவும் பயனுள்ளது. காற்றோட்டத்துக்காக அதைத் திறந்துவைத்தபடி ஓட்டுவது மட்டும் கூடாது.

புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை நாற்றம் அடிக்கவில்லை என்பதை வைத்து வாயு இல்லை என்று முடிவு செய்ய முடியாது. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவுடன் பிணைந்துகொள்வதால், குறைந்த அளவும் நேரம் செல்லச் செல்ல உடலில் சேர்ந்துவிடும். தலைவலி, குமட்டல், அசதி, தூக்கக்கலக்கம் என்று அது தரும் அறிகுறிகள் எல்லாம் மலைப்பயணத்தின் சாதாரணக் களைப்பைப் போலவே இருப்பதுதான் அதன் கொடுமை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கொரோனா காலத்தில் பலரும் வாங்கி வைத்த, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த வாயுவைப் பிரித்தறியாது. ஆக்சிஜன் சரியாக இருப்பதாகவே காட்டும். அதில் 98 என்று தெரிகிறது என்பதற்காக யாரையும் மீண்டும் வண்டிக்குள் ஏற்றிவிடாதீர்கள். திறந்த வெளிக்கு அழைத்துச் செல்வதே முதல் வேலை. மயக்கமோ தடுமாற்றமோ இருந்தால் 108-ஐ அழைத்து, வண்டிப் புகை என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

அவசரத்தில் பின்புறம் திறந்தபடியே சிறிது தூரம் சென்றுதான் ஆக வேண்டும் என்றால் என்ன செய்வது என்று பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். உள்காற்றுச் சுழற்சியை நிறுத்தி, வெளிக்காற்று வரும்படி வைத்து, மின்விசிறியை முழு வேகத்தில் ஓட விட வேண்டும். முன்பக்கத் துவாரங்கள் அனைத்தையும் திறந்துவைக்க வேண்டும். முன்னாலிருந்து காற்று உள்ளே தள்ளப்பட்டால் பின்னாலிருந்து புகை நுழைவது குறையும். பக்க ஜன்னல்களை இறக்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சில வேகங்களில் அது உள்காற்றை வெளியே உறிஞ்சி, பின்புறமாகப் புகை வருவதை அதிகப்படுத்தவும் கூடும். நாங்கள் அன்று செய்தது எல்லா வகையிலும் தலைகீழானது. மெக்கானிக் அந்தச் சட்டத்துக்கு ஏற்ப ஒரு பிளைவுட் பலகையை அறுத்து, ஓரங்களை நன்றாக அடைத்து, கசிவையும் சரிசெய்த பிறகே வண்டியைக் கீழே இறக்கினார்.

சரக்கு பற்றிய பாடத்தை அதற்கு முன்பே ஒருமுறை கற்றிருந்தோம். அய்யர்பாடி அருகே ஒரு மாலையில் தேயிலைப் புதரிலிருந்து காட்டுமாடு ஒன்று திடீரெனச் சாலையில் இறங்கியதால் தம்பி பிரேக்கை முழுவதுமாக மிதித்தான். டிக்கியில் அரிசிச் சிப்பத்தின் மேல் வைத்திருந்த தேங்காய்ச் சாக்கின் வாய் அவிழ்ந்து, இருக்கையின் முதுகுக்கு மேலாகத் தேங்காய்கள் முன்னே வந்து விழுந்தன. ஒன்று அம்மாவின் பிடரியில் பட்டு ஒரு வாரம் வீங்கியிருந்தது. இன்னொன்று முன் இருக்கையின் அடியில் உருண்டு சென்று பிரேக் மிதிக்கு அருகில் நின்றது. அது மிதியின் அடியில் சிக்கியிருந்தால், அடுத்த வளைவில் பிரேக் பிடிக்கவே முடிந்திருக்காது. பின்னால் வைத்த சரக்கு பின்னாலேயே இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அன்றோடு போயிற்று.

இதைப் பள்ளிக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 50 கிலோமீட்டர் வேகம் என்பது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது இருக்கும் வேகம். அந்த வேகத்தில் வண்டி எதன்மீதாவது மோதி நின்றால், கட்டப்படாத தேங்காய் ஒன்று 10 மீட்டர் மரத்திலிருந்து தலையில் விழும் வேகத்தில் முன்னால் இருப்பவரை நோக்கி வரும். 25 கிலோ அரிசிச் சிப்பத்தை வண்டியோடு சேர்த்து அரை மீட்டர் தூரத்துக்குள் நிறுத்த வேண்டுமானால், ஏறத்தாழ அரை டன் எடைக்குச் சமமான விசையைப் பின் இருக்கையின் முதுகு தாங்க வேண்டும். அந்த முதுகைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பவை இரண்டு சிறிய கொக்கிகள்தான். இருக்கையை மடித்து நிமிர்த்திய பிறகு அவை சரியாக விழுந்தனவா என்று ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்க்கிறேன். பல கார்களில் கொக்கி விழவில்லையென்றால் ஒரு சிவப்புக் குறி வெளியே தெரியும்.

ஆகவே கனமான சிப்பங்கள் எப்போதும் தரையில், இருக்கையின் முதுகோடு ஒட்டியே இருக்க வேண்டும். கதவோரத்தில் வைத்தால் எடுக்க வசதிதான். ஆனால் பின் சக்கரத்துக்கு அப்பால் பாரம் கூடக்கூட வண்டியின் முன்பகுதி இலேசாகி, திருப்பும்போது பிடிமானம் குறைகிறது. இருக்கையின் முதுகு உயரத்துக்கு மேல் எதையும் அடுக்குவதில்லை. தேங்காயை இப்போது மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, டிக்கியின் தரையில் பொருத்தியுள்ள உலோக வளையங்களில் பட்டைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறோம். மளிகைப் பை மாட்டுவதற்கென்று இருக்கும் சிறிய பிளாஸ்டிக் கொக்கி அதற்கு உதவாது. அந்த வளையங்களே பாரம் தாங்கும். டிக்கியை மறைக்கும் மெல்லிய பார்சல் ட்ரே ஓர் அலமாரி அல்ல. அதன்மேல் குடையும் தண்ணீர்ப் பாட்டிலும் வைக்கும் பழக்கத்தை வீட்டில் அனைவரும் விட வேண்டியிருந்தது. பின் இருக்கையில் யாரும் இல்லாமல் சரக்கு மட்டும் செல்லும் நாட்களில், அங்கிருக்கும் சீட் பெல்ட்டுகளை மாட்டி வைத்தால் இருக்கையின் முதுகுக்குக் கூடுதல் பிடிப்புக் கிடைக்கும். ஆட்கள் இருந்தால் அவர்கள் பெல்ட் அணிய வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பேன், ஆனால் இன்றும் என் சக ஆசிரியர்களில் பலர் பின் இருக்கையில் அதை அணிவதில்லை. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மும்பைக்கு அருகே விபத்தில் இறந்தபோது, பின் இருக்கையில் பெல்ட் அணியாமல் இருந்தார் என்று வந்த செய்தியை அவர்களிடம் இப்போதும் நினைவூட்டுகிறேன்.

டயர் காற்றும் முகப்பு விளக்கும் சரக்கோடு சேர்ந்தவை. முழுப் பாரத்துக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதை ஓட்டுநர் கதவின் தூணில் ஒட்டியுள்ள அட்டையில் தனியே குறித்திருப்பார்கள். பின்புறம் தாழ்ந்தால் முகப்பு வெளிச்சம் மேல்நோக்கி எழும்பி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்; மூடுபனியில் நமக்கே வெள்ளைச் சுவர் போலத் திரும்பி வரும். ஸ்டியரிங்குக்கு அருகில் 0 முதல் எண்கள் பொறித்த சிறிய திருகு இருந்தால், பாரம் கூடும்போது எண்ணையும் கூட்டி விளக்கைத் தாழ்த்த வேண்டும். எங்கள் காரில் அது எதற்காக இருக்கிறது என்பதே பல ஆண்டுகள் எங்களுக்குத் தெரியாது.

புதிய பின்கண்ணாடி கோயம்புத்தூரிலிருந்து வர மூன்று நாட்கள் ஆயின. பொருத்தியவர், பசை இறுகும் வரை எல்லாக் கதவுகளையும் மெதுவாக மூடும்படியும், ஒரு ஜன்னலைச் சற்று இறக்கி வைக்கும்படியும் கூறினார். மூடிய வண்டியில் கதவை அடித்தால் உள்ளே அடைபட்ட காற்று புதிய கண்ணாடியை வெளியே தள்ளும். கண்ணாடியின் உட்புறம் கிடைமட்டமாகச் செல்லும் மெல்லிய செந்நிறக் கோடுகளையும் அவர்தான் தொட்டுக் காட்டினார். அவை கண்ணாடியில் படியும் பனியைச் சூடேற்றி விலக்கும் டீஃபாகரின் மின்கம்பிகள்; கண்ணாடியின் பரப்பில் அச்சிட்டவை என்பதால் நகத்தால் அழுத்திச் சுரண்டினால்கூடப் பழுதாகலாம். பழைய கண்ணாடியில் மூன்று கோடுகள் வேலை செய்யாமல் போனதற்குக் காரணம், தம்பி ஒரு ஸ்டிக்கரைப் பிளேடால் சுரண்டியதும், பிளாஸ்டிக் நாற்காலியின் கால் உரசியதும்தான். வால்பாறை மழையில் அந்த மூன்று கோடுகளின் இடத்தில் மட்டும் பனி விலகாமல், பின்னால் வரும் பேருந்தின் விளக்குகள் பட்டை பட்டையாகத் தெரியும். ஈரமான மெல்லிய துணியால், கோடுகளின் போக்கிலேயே துடைப்பது போதும். ஓரிடத்தில் மட்டும் அறுந்திருந்தால், மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பூச்சைத் தொட்டு இணைத்துவிடலாம். சரக்கு கண்ணாடியில் சாய்ந்திருக்கக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

டீஃபாகரை இஞ்சின் ஓடும்போது மட்டும் போட வேண்டும். அது பேட்டரியிலிருந்து நிறைய மின்சாரத்தை இழுக்கும். ஆனால் பின்கண்ணாடி ஏன் அடிக்கடி பூக்கிறது என்பதற்கு விடை பெரும்பாலும் டிக்கியில் இருக்கும். நனைந்த குடைகள், ரெயின்கோட், சேறு படிந்த ரப்பர் செருப்பு, ஈரம் ஏறிய சாக்கு என அனைத்தும் மூடிய வண்டிக்குள் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். அவற்றை ஒரு வாளியில் போட்டு மூடி வைக்கத் தொடங்கிய பிறகு எங்கள் கண்ணாடி பூப்பது வெகுவாகக் குறைந்தது. குளிராக இருந்தாலும் ஏசியைப் போட்டு வெளிக்காற்றை விடுங்கள். ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பின் வைப்பரைக் காய்ந்த புழுதியின்மேல் ஓட்டாமல், முதலில் தண்ணீர் அடித்த பிறகே ஓட்ட வேண்டும். சரக்கு பின்பார்வையை மறைக்கும் நாளில், வெளிக்கண்ணாடிகள் இரண்டையும் சரிசெய்யாமல் வண்டியை எடுக்கக் கூடாது; கொண்டை ஊசி வளைவில் பேருந்துக்கு வழிவிட்டுப் பின்வாங்க வேண்டி வந்தால் அவை மட்டுமே துணை. பின்கண்ணாடியில் பெரிய எழுத்துக்களோ கறுப்புத் தாளோ ஒட்டுவதையும் நான் ஏற்பதில்லை. அதன் வழியே குறைந்தது 70 சதவீத ஒளியாவது செல்ல வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. மலைப்பனியில் அந்த விதியின் பொருள் நன்றாகவே புரியும்.

டிக்கிக் கதவைத் தாங்கும் இரண்டு வாயுத் தண்டுகளைப் பற்றியும் ஒரு சொல். வயதாக ஆக அவற்றின் அழுத்தம் குறையும். குளிரில் இன்னும் குறையும். பொள்ளாச்சி வெயிலில் நின்ற கதவு வால்பாறை விடியற்காலையில் மெல்லத் தலைமேல் இறங்குவதைக் கண்டால், அவற்றை மாற்றிவிடுங்கள். அதுவரை ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் சரக்கை எடுக்க வேண்டும். குழந்தைகளை மூடும் வேலைக்கு விடாதீர்கள். குரங்கருவி அருகே டிக்கியைத் திறக்கவும் வேண்டாம். குரங்குகள் உள்ளே தாவும் பதற்றத்தில் கதவை அடித்து மூடியே பலர் விரலை நசுக்கிக்கொள்கிறார்கள்.

அந்தத் தகரப் பெட்டி இப்போது வால்பாறையில்தான் இருக்கிறது. அடுத்த வாரம் பொள்ளாச்சி பேருந்து நிலையத்தில் லக்கேஜ் கட்டணம் செலுத்தி அதை அரசுப் பேருந்தில் ஏற்றி அனுப்பினோம். நடத்துநர் அதைக் கடைசி இருக்கையின் அடியில் தள்ளிக் கயிற்றால் கம்பியோடு கட்டிய பிறகுதான் விசில் கொடுத்தார்.